ஆணி அடிக்காத வீடு

முதல் நாளே சொல்லிவிட்டார் பொங்கியண்ணன்:
"செவுத்துல ஆணி மட்டும் அடிக்கப்படாதுங்க அம்மிணி."
போன குடித்தனம் பெயர்த்த காரையை,
பட்டி வைத்து ஒட்டிய இடத்தை,
ஆறிய புண்ணைக் காட்டுகிறவர்போலக் காட்டினார்.
முப்பதாயிரம் அட்வான்ஸ்.
தலையாட்டினோம்.

ஆணி இல்லாத வீட்டில்
எதற்கும் நிற்க இடமில்லை.
நாட்ராயன் சட்டை பகலில் கட்டில்மேல்,
ராத்திரி நாற்காலிமேல்,
யாராவது ஒறம்பரை வந்தால் பீரோவுக்குப் பின்னால்.
காலண்டர் அரிசி டின்மேல் மல்லாந்து படுத்து
விட்டத்துக்குத் தேதி சொல்லிக்கொண்டிருந்தது.

சோமனூரில் மாதம் ஒரு நாள் கரண்ட் பராமரிப்பு.
ஒன்பது மணிக்கு
எல்லாத் தறியும் ஒரே அடியாக நிற்கும்.
காதுக்குள் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும்.
அன்றைக்குத்தான் கம்பியை உரசுகிற கிளைகளை
லைன்மேன் துரைராசு வெட்டித் தள்ளுவார்:
வேம்பு, வாகை,
கம்பத்தின் இழுகம்பியைக் கட்டிக்கொண்டு விடாத
தோட்டத்து வேலிக் கிளுவை.

"அடுப்புக்குங்களா?"
"சட்டை மாட்டறதுக்குங்கண்ணா."
அரிவாளை நிறுத்தி
எந்தப் பக்கம் வெட்டுவது என்று யோசிக்கிற மாதிரி
என்னைப் பார்த்தார்.
பிறகு கவை உள்ளதாகப் பார்த்து
நாலு கொம்பு போட்டார்.

வாகையில் செய்தது பத்து நாளில் பிளந்து
பாத்திரத்தோடு விழுந்தது.
வேப்பங்குச்சி ஏழை வரிசையாகக் கட்டி
ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன்:
சாவி, டார்ச், ரேஷன் பை,
கடைசிக் குச்சியில் காலண்டர்.
கட்டுவதற்குத் தறிக்கூடத்துக் கழிவு நூல்,
எட்டு இழை சேர்த்து முறுக்கியது.
முடிச்சுக்கு யோசிக்க வேண்டியதில்லை,
பதினோரு வருசமாக
ஓடுகிற தறியில் அறுந்த இழையைப் பிடித்த விரல்.
நிமிர்த்தப் பார்த்த கொம்புதான்
இரண்டு முறை முகத்தில் அடித்தது.
மூன்றாம் முறை
கோணலாகவே இருந்துகொள் என்று விட்டுவிட்டேன்.

கிளுவை என் உயரம்.
முள்ளை எல்லாம் செதுக்கினேன்,
ஒன்று மட்டும் ரப்பர் பேண்ட் மாட்ட வேண்டும் என்று
சுபிக்‌ஷா கேட்டு வாங்கிக்கொண்டாள்.
பழைய பெயிண்ட் பக்கெட்டில் கொம்பை நிறுத்தி
மணலும் ஜல்லியும் போட்டு இடித்தேன்.
ஐந்து கவை.
ஒன்றில் அவர் சட்டை, ஒன்றில் என் துப்பட்டா,
ஒன்றில் பள்ளிக்கூடப் பை,
ஒன்றில் எதுவோ,
ஒன்று எப்போதும் சும்மா.
வீட்டுக்குள் ஒரு ஆள் கூடியதுபோல இருந்தது.
இருட்டில் எழுந்த நாட்ராயன்
அதனிடம் இரண்டு முறை
"தள்ளி நில்லு" என்று சொல்லியிருக்கிறார்.

ஐப்பசி வாடகைக்கு வந்தார் பொங்கியண்ணன்.
நாலு செவுத்தையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.
ஒரு ஓட்டை இல்லை.
திருப்தியாகத் திரும்பியவர்
சட்டைக் காலருக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

சும்மா இருந்த கவையில்
மூன்று இலை.
நகத்தளவு, பிசுபிசுப்பாக, அப்படி ஒரு பச்சை.

"இதென்னுங்க அம்மிணி?"
"ஸ்டேண்டுங்க."
"ஸ்டேண்டு எலை உடுமா?"
"ஆணி அடிக்கலீங்களே."
சுபிக்‌ஷா தன் தண்ணீர் பாட்டிலை
முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.
தினமும் சாயங்காலம் மிச்சத் தண்ணீர்
எங்கே போனது என்று அப்போதுதான் தெரிந்தது.

அவர் இலையைத் தொடவில்லை.
குனிந்து பக்கெட்டின் அடியைப் பார்த்தார்,
வேர் தரையைத் தொட்டதா என்று.
பணத்தை எண்ணாமல் பையில் வைத்தார்.
வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார்:
"வெயில்ல வெய்யுங்க. உள்ளார இருந்தா வெளுத்துப்போகும்."

வெளியே வைத்தோம்.
துளிர்த்த கொம்பில் துணி போட
யாருக்கும் மனசில்லை.
சட்டை மறுபடி நாற்காலியில்.
அடுத்த பராமரிப்பு பதினெட்டாம் தேதி.
துரைராசுவுக்குப் போன் போட்டேன்:
"இந்தத் தடவை
காஞ்ச கொம்பாப் பாத்துப் போடுங்கண்ணா."